செம்மறித் தாயின் தீனியும் குட்டியின் வளர்ச்சியும்: 'பிறப்பு' என்னும் கருத்துப் பற்றிய ஒரு விளக்கம்

1

'நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை' என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சம்பந்தம் பேசும் வீடுகளிலும் ஆடு மாடு வாங்கும் இடங்களிலும் அது ஒரே பொருளில் எடுத்தாளப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். பிள்ளையின் தரம் பிறப்பிலேயே முடிவாகிவிட்டது. பிறப்பின் தரமோ குருதியிலே தங்கியுள்ளது என்பதே அப்பொருள். 'பிறப்பு' என்னும் சொல் நமது இலக்கியத்திலும் சமூக வழக்கிலும் சுமந்துவந்துள்ள கருத்துநிலைச் சுமையை இவ்வேட்டின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயின், அச்சொல்லுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் உயிரியல் நிலை உண்மையில் எத்தகையது என்பதை நாம் போதிய அளவு நோக்கியதில்லை. இலக்கிய மாணவராகிய நாம் இங்கு கால்நடை விஞ்ஞானத்தின் பக்கம் திரும்புவதற்கு இதுவே காரணமாகும்.

செம்மறியை எடுத்துக்கொள்வது தற்செயலானதன்று. மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் இரண்டாம் தொகுதியில் (1885 இல் ஏங்கல்சினால் வெளியிடப்பட்டது) மூலதனத்தின் சுழற்சிக் காலத்தை விளக்கும்பொழுது செம்மறியையே உதாரணமாகக் காட்டுகிறார். 18 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் டிஷ்லி பண்ணையாளரான றொபேட் பேக்வெல் (1725-1795) என்பவர், நான்கு ஐந்து ஆண்டுகள் சென்றே இறைச்சிக்குத் தயாராகும் ஆட்டை, ஓராண்டிலேயே கொழுக்க வைக்கத்தக்கதாய், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முழு வளர்ச்சி அடைவதாய் மாற்றினார் என்பதை மார்க்ஸ் எடுத்துரைக்கிறார். பேக்வெல்லின் வெற்றி இனத்தெரிவின் வெற்றி என்றே பொதுவாகப் போற்றப்படுகிறது. அது பொய்யன்று; முழு உண்மையுமன்று. டேர்ணிப் கிழங்கும் குளோவரும் குளிர்காலத் தீனியாகப் பரவிய ஒரு வேளாண்மைப் பின்னணியிலேயே அவர் ஆடுகள் வளர்ந்தன. தொட்டி நிறையாதிருந்திருப்பின் தெரிவு செய்யப்பட்ட 'குருதி' தன் ஆற்றலைக் காட்டியிராது.

சினைக்காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாயாட்டுக்குக் கிடைக்கும் தீனி குட்டியை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பிறந்தவுடன் கண்ணுக்குப் புலப்படும் குறைகளுட் பல, இயற்கை அளித்தவை அல்ல. பிறப்புக்கு முந்திய சில வாரங்களின் வரலாறு அவற்றுள் உறைந்து கிடக்கிறது. இதனை நிறுவ முயல்வோம்.

2

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாட்கள். இக்காலம் முழுவதும் ஒரே சீரான வளர்ச்சி நிகழ்வதில்லை. முதல் மாதத்தில் கரு கருப்பையிற் பதிந்து நிலைகொள்கிறது. இரண்டாம் மூன்றாம் மாதங்களில் குட்டியைவிடச் சூல்வித்தகமே விரைந்து வளர்கிறது. நமது கிராமங்களில் இளங்கொடி எனப்படும் இதன் வழியாகவே தாயின் குருதியிலுள்ள போசணைப் பொருள்கள் குட்டியைச் சென்றடைகின்றன. ஏறத்தாழ 90 ஆம் நாளளவில் இது தன் முழு நிறையை எட்டிவிடுகிறது. இக்கட்டத்திற் சிறுத்துப்போன சூல்வித்தகம், பின்னர் தாய்க்கு எவ்வளவு தீனி கிடைப்பினும், ஒடுங்கிய வாய்க்காலாகவே நின்றுவிடும்.

இறுதி ஆறு வாரங்களிலே நிலைமை முற்றாக மாறுகிறது. பிறக்கும்பொழுது குட்டிக்கு உள்ள நிறையில் ஏறத்தாழ 70 வீதம் இக்குறுகிய காலத்திலேயே சேர்கிறது. இரட்டைக் குட்டிகளைச் சுமக்கும் தாயின் சக்தித் தேவை, சினையற்ற ஆட்டின் தேவையின் இருமடங்கை நெருங்குகிறது. ஆனால் அதே வேளையில், பெருக்கும் கருப்பை வயிற்றினுள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தாயின் முதல் இரைப்பை நெருக்குண்டு சுருங்குகிறது. உண்ண வேண்டிய அளவு கூடும்பொழுது உண்ணக்கூடிய அளவு குறைகிறது. இம்முரண்பாடே சினைக்காலத் தீனிப் பிரச்சினையின் மையமாகும். வெறும் வைக்கோலையோ முற்றிய புல்லையோ அதிகமாகப் போடுவதனால் இது தீராது; சிறிய அளவில் மிகுந்த சத்தைத் தரும் தானியம், பிண்ணாக்கு, இளந்தழை போன்றவையே வேண்டும்.

இதனை ஐயத்துக்கிடமின்றிப் பரிசோதனை வாயிலாக நிறுவியவர்களுள் எல். ஆர். வொலஸ் குறிப்பிடத்தக்கவர். கேம்பிரிட்ஜில் ஜோன் ஹமண்டின் ஆய்வு மரபில் நின்று அவர் மேற்கொண்ட ஆய்வு 1948 இல் வெளிவந்தது. சினையின் முற்பகுதியிலும் பிற்பகுதியிலும் தீனியின் அளவை மாற்றியமைத்து, பிறப்புக்கு முன்னும் பின்னும் குட்டிகளின் வளர்ச்சியை அவர் அளந்தார். பிற்பகுதியிற் கிடைத்த தீனியே பிறப்பு நிறையைப் பெரிதும் தீர்மானித்தது. இரட்டைக் குட்டிகளில் இவ்வேறுபாடு மேலும் கடுமையாக வெளிப்பட்டது.

வொலசின் முடிவுகளில் மற்றுமோர் அம்சம் நமது சிந்தனைக்கு உரியது. பட்டினியின் பாதிப்பு எல்லா உறுப்புக்களின் மீதும் சமமாகப் பகிரப்படுவதில்லை. மூளையும் நரம்புத் தொகுதியும் ஒப்பளவிற் காக்கப்படுகின்றன. ஈரல், தசை, கொழுப்பு என்பனவே பெரிதும் இழக்கின்றன. முந்தி முதிரும் உறுப்பு முந்திக்கொள்கிறது, பிந்தி முதிர்வது பிந்தி நிற்கிறது எனலாம். ஆகவே, நலிந்த தாயின் குட்டி பெரிய குட்டியின் சிறிய படிவம் அன்று. அதன் உடல் வேறுபட்ட விகிதங்களில் அமைந்த உடல். அளவு வேறுபாடு பண்பு வேறுபாடாக மாறும் இயங்கியலை இங்கு நாம் கண்முன்னே காண்கிறோம்.

தாயும் இப்போராட்டத்திற் பங்காளியே. தீனி போதாதவிடத்து அது தன் உடற் கொழுப்பைக் கரைத்துக் குட்டிக்கு அளிக்கிறது. கரைதல் எல்லை மீறும்பொழுது குருதியிற் குளுக்கோசு வீழ்ச்சியடைந்து, கீற்றோன் பொருள்கள் பெருகுகின்றன. தாய் மந்தையை விட்டு ஒதுங்கி, தீனி மறுத்து, தள்ளாடிச் சாய்ந்துவிடுகிறது. இரட்டைக் குட்டிச் சினையாடுகளில் இறுதி வாரங்களிலே பெரிதும் தோன்றும் இந்நோய், ஆங்கிலேய இடையரிடையே 'இரட்டைக்குட்டி நோய்' என்றே பெயர் பெற்றுள்ளது.

3

பிறந்த குட்டி எதிர்கொள்ளும் முதல் எதிரி குளிர். நனைந்த உடலுடன் காற்றுக்கு வந்து வீழும் அது, சில மணி நேரத்துக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். இதற்கென அதன் உடலில் கபிலக் கொழுப்பு எனப்படும் சிறப்பான கொழுப்பிழையம் உண்டு. எரிந்து வெப்பம் தருவதே இதன் பணி. சினையின் பிற்பகுதியிற் பட்டினி கிடந்த தாயின் குட்டிக்கு இச்சேமிப்புக் குறைவு. அதன் உடல் சிறியது. நிறையோடு ஒப்பிடுகையில் வெப்பத்தை இழக்கும் தோற்பரப்போ பெரியது. சேமிப்புக் குறைந்து செலவு கூடிய நிலையில், அது எழுந்து நின்று தாயின் மடியைத் தேடும் வலுவையே இழந்துவிடுகிறது.

மடியிலும் பற்றாக்குறை காத்திருக்கிறது. செம்மறியின் சூல்வித்தகத்தினூடாகப் பிறபொருளெதிரிகள் குட்டிக்குக் கடந்து செல்வதில்லை. ஆகவே, நோயெதிர்ப்பு என்னும் முதுசொம் எதுவுமின்றியே குட்டி பிறக்கிறது. அம்முதுசொம் முழுவதும் கடும்புப்பாலிலேயே உள்ளது. அதனை உட்கொண்டு குருதியிற் சேர்க்கும் ஆற்றல் குட்டியின் குடலுக்கு ஏறத்தாழ முதல் 24 மணி நேரமே உண்டு. அதன் பின்னர் அவ்வாயில் அடைபடுகிறது. எடின்பரோவின் மோடன் ஆய்வு நிலையத்தில் மெலரும் மறேயும் மேற்கொண்டு 1985 இல் வெளியிட்ட ஆய்வு, சினையின் இறுதியில் தீனி குறைந்த இரட்டைக் குட்டித் தாயாடுகளின் மடி சிறுத்திருந்ததையும் கடும்புப்பால் குறைந்திருந்ததையும் காட்டியது. கருப்பையில் குட்டியைச் சிறுக்க வைத்த அதே பற்றாக்குறை, அச்சிறிய குட்டிக்குக் கூடுதலாக வேண்டியிருந்த பாலையும் பறித்துக்கொள்கிறது.

இவ்வாறு முதல் நாளிலேயே இறக்கும் குட்டியைக் கண்டு 'பிறவியிலேயே பலமில்லாதது' என்று பட்டிக்காரர் கூறுவதுண்டு. கூற்று தவறன்று, அது காரணத்தைக் கூறாமல் காலத்தை மாத்திரம் கூறுகிறது.

4

பிழைத்துக்கொண்ட குட்டிக்கு முதல் மூன்று நான்கு வாரங்களுக்குப் பாலே ஏறத்தாழ முழு உணவு. தாயின் பால் சுரப்பு ஈன்ற இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரம் வரையிலான காலத்தில் உச்சத்தை எட்டிப் பின்னர் படிப்படியாகக் குறைகிறது. இரண்டு குட்டிகள் உறிஞ்சும் தாய், ஒற்றைக் குட்டித் தாயைவிடக் கூடுதலாகச் சுரக்கிறது. ஆயினும் இருமடங்காகச் சுரப்பதில்லை. ஆகவே இரட்டையர் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒற்றைக் குட்டியின் பங்கிலும் குறைவே.

பாலூட்டும் தாய்க்குச் சினைக்காலத்திலும் மிகுந்த தீனி வேண்டும் என்பது பலரும் எண்ணிப் பாராத உண்மை. குட்டி வெளியே வந்துவிட்டது, சுமை இறங்கிவிட்டது என்ற எண்ணத்தில் தீனியைக் குறைப்பது பெருந்தவறு. இக்காலத்திலும் தாய் தன் கொழுப்பைக் கரைத்துப் பாலாக்குகிறது. ஆனால் கொழுப்பைப் போலப் புரதத்தைப் பெருமளவில் உடலிற் சேமித்துவைக்க முடியாது. ஸ்கொத்லாந்தின் றோவெற் ஆய்வு நிலையத்தில் றொபின்சனும் அவரது குழுவினரும் 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் நடத்திய ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. இரைப்பையில் எளிதிற் சிதையாத புரதமாகிய மீன்தூளைத் தீனியுடன் சேர்த்தபொழுது, கொழுப்பு இருந்தும் பயன்படுத்த இயலாதிருந்த தாய்கள் அதனைக் கரைத்துக் கூடுதற் பால் சுரந்தன. உடலிற் செல்வம் இருப்பதும் அதனைப் பயன்படுத்தும் நிபந்தனை அமைவதும் வெவ்வேறு என்பது இதனாற் பெறப்படும்.

5

இனி, இவ்விளைவுகள் எவ்வளவு காலம் நிலைக்கின்றன என்ற வினா எழும். பல குறைகள் நல்ல மேய்ச்சலில் ஈடு செய்யப்படுகின்றன; எல்லாம் அல்ல. கம்பளியே இதற்குத் தக்க சான்று. நுண்ணிய கம்பளி இழைகள் முளைக்கும் மயிர்ப்புடைப்புக்கள் சினையின் பிற்பாதியில், குட்டி கருப்பையினுள் இருக்கும்பொழுதே தோற்றம் பெறுகின்றன. பிறந்த பின்னர் அவை முதிரலாம், புதியவை தோன்றுவதில்லை. அவுஸ்திரேலியாவில் ஷிங்கலும் ஷோட்டும் 1961 இல் வெளியிட்ட ஆய்வு, பிறப்புக்கு முன்னும் பின்னும் கிடைத்த போசணை வளர்ந்த ஆட்டின் கம்பளியிலும் தன் அடையாளத்தை விட்டுச் செல்வதைக் காட்டியது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அந்நாட்டின் மெரினோ மந்தைகளில் நடத்தப்பட்ட விரிவான ஆய்வுத் திட்டமும் இதனை உறுதி செய்தது: சினைக்காலத்தில் மெலிந்த தாய்களின் குட்டிகள் தம் வாழ்நாள் முழுவதும் குறைந்த அளவான, சற்றே தடித்த இழையுடைய கம்பளியைத் தந்தன. பழமொழியின் 'நூல்' இங்கு உண்மையாகவே நூலாகிறது. அந்நூலின் தரமோ தாயின் குருதியில் மாத்திரமன்றித் தாய் உண்ட தீனியிலும் தங்கியிருந்தது.

இவ்விடத்தே ஓர் எச்சரிக்கை அவசியம். சூழலின் வல்லமையைக் கண்டு பரம்பரையை மறுத்துவிடும் தவறை முற்போக்காளரும் இழைத்துள்ளனர். வொலசின் ஆய்வு வெளிவந்த அதே 1948 ஆம் ஆண்டு ஓகஸ்டில், மொஸ்கோவில் கூடிய வேளாண் விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் லைசெங்கோவின் கொள்கை அரச அங்கீகாரம் பெற்றது. சூழலினாற் பெறப்பட்ட பண்புகள் பரம்பரைக்குக் கடத்தப்படும் என்ற அக்கொள்கையின் பெயரால் நேர்மையான பல விஞ்ஞானிகள் ஒடுக்கப்பட்டனர். மார்க்சியத்தின் பெயரால் நிகழ்ந்த அவ்வநியாயத்தை மார்க்சியவாதிகளே முதலில் கூற வேண்டும். பட்டினி கிடந்த மெரினோ மெரினோவாகவே இருந்தது. அதன் பரம்பரையலகுகள் வேறோர் இனத்துக்குரியனவாக மாறிவிடவில்லை. 2007 இல் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சின்கிளேயரும் குழுவினரும், கருத்தரிக்கும் காலத்தில் சில விற்றமின்களும் அமினோ அமிலமும் குறைந்த தாய்களின் குட்டிகளில் பரம்பரைப் பொருளின் மீதுள்ள இரசாயனக் குறிகள் மாறியிருந்ததை எடுத்துக்காட்டினர். அதுவும் பரம்பரையலகு எழுதப்பட்டிருக்கும் முறையை மாற்றவில்லை. அது வாசிக்கப்படும் முறையையே மாற்றியது.

'தீனி கூடினால் எல்லாம் நலம்' என்ற இயந்திரப் பார்வையும் பிழையானது. றோவெற் நிலையத்தின் பிந்திய ஆய்வுகளில், தாமே இன்னும் வளர்ந்துகொண்டிருந்த இளம் தாய்களுக்கு மிகுதியாகத் தீனியளித்தபொழுது, சத்து அவற்றின் சொந்த உடல் வளர்ச்சிக்குத் திரும்பியது, சூல்வித்தகம் சிறுத்தது, குட்டிகள் சிறியனவாகப் பிறந்தன. ஒரே தீனி, தாயின் வயதையும் உடல்நிலையையும் பொறுத்து எதிர்மாறான விளைவுகளைத் தருகிறது. தாயின் உடலும் ஒரு வரலாற்றை உடையது என்பதை மறந்து, இன்றைய தொட்டியை மாத்திரம் அளப்பது போதாது.

6

தாயாடு என்ன உண்கிறது என்பதைத் தீர்மானிப்பது யார்? ஆடன்று, நிலமும் நிலத்தின் உடைமையுமே. ஸ்கொத்லாந்தின் சதர்லாந்துப் பகுதியில் 15,000 குடியானவர்கள் விரட்டப்பட்டு, 1825 ஆம் ஆண்டளவில் அவர்களின் இடத்தை 1,31,000 செம்மறிகள் பிடித்திருந்ததை மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் தொகுதியிற் பதிவு செய்துள்ளார். மனிதரை அகற்றிப் பெறப்பட்ட இத்தகைய மலைநிலங்களில் குளிர்காலம் முழுவதும் ஆடுகள் மெலிந்தன, குட்டிகள் குறைந்தன. மலையாடு இயல்பிலேயே குறைந்த விளைவுடையது என்ற கருத்தும் வேரூன்றியது. 1954 இல் நிறுவப்பட்ட மலைப்பண்ணை ஆய்வு நிலையம் பின்னர் இதனைச் சோதித்தது. மலையின் ஒரு சிறு பகுதிக்குச் சுண்ணாம்பிட்டு, குளோவர் விதைத்து, வேலியடைத்து, பாலூட்டும் காலத்திலும் கிடாய் சேர்க்கும் காலத்திலும் தாய்களை அங்கு மேயவிட்டனர். இனம் மாறவில்லை; மலையும் மாறவில்லை. ஆயினும் குட்டிகளின் எண்ணிக்கையும் நிறையும் உயர்ந்தன.

அந்நிலையத்தைச் சேர்ந்த றஸல், டோனி, கன் ஆகிய மூவரும் 1969 இல் செம்மைப்படுத்திய 'உடல்நிலைப் புள்ளி' முறையும் கவனத்துக்குரியது. ஆட்டின் இடுப்பு முள்ளெலும்பின் மீது கைவைத்து, எலும்பு எவ்வளவு துருத்தி நிற்கிறது, சதையும் கொழுப்பும் எவ்வளவு மூடியுள்ளன என்பதை உணர்ந்து 0 முதல் 5 வரை புள்ளியிடுவர். அடர்ந்த கம்பளியின் வெளித்தோற்றம் கண்ணை ஏமாற்றும்; கை ஏமாறுவதில்லை. பின்னர் கழியொலி 'ஸ்கான்' முறையும் பரவியதனால், இரட்டைக் குட்டி சுமக்கும் தாயை ஈனுவதற்கு முன்னரே இனங்காண முடிந்தது. மெலிந்தவற்றையும் இரட்டை சுமப்பவற்றையும் வேறாகப் பிரித்துக் கூடுதற் தீனி அளிப்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. பட்டி முழுவதற்கும் ஒரே தொட்டியில் ஒரே அளவு தீனி வைப்பது பார்வைக்குச் சமத்துவமாகத் தோன்றும். உண்மையில், வலிய ஆடு முட்டி முன்னே நிற்க, மெலிந்த ஆடு பின்னே நிற்கும். சமமற்ற உடல்களுக்கு இடப்படும் சம பங்கு சமமின்மையையே வளர்க்கிறது.

7

ஆட்டிலிருந்து மனிதருக்கு நேரடியாகத் தாவுதல் விஞ்ஞானமன்று. மனிதக் கரு மெதுவாக வளர்வது. தாயின் பிறபொருளெதிரிகளைச் சூல்வித்தகத்தினூடாகவே பெறுவது. எனினும், மனிதரிடமிருந்து பெறப்பட்ட சான்றுகளே நமக்குப் போதியன. 1944-45 குளிர்காலத்தில் நாசிகளின் முற்றுகையினால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வீழ்ந்தபொழுது, கருப்பத்தின் இறுதி மாதங்களைப் பட்டினியிற் கழித்த தாய்மாரின் குழந்தைகள் ஏறத்தாழ 300 கிராம் குறைந்த நிறையுடன் பிறந்தன. ஒரு சமுதாயத்தின் 'குருதி' சில மாதங்களிற் கெட்டுவிடுவதில்லை, உணவு கெட்டது. 1989 இல் டேவிட் பாக்கரும் குழுவினரும், பிறப்பிலும் முதல் ஆண்டிலும் நிறை குறைந்திருந்த இங்கிலாந்து ஆடவரிடையே பிற்காலத்தில் இருதய நோயினால் ஏற்படும் மரணம் கூடுதலாக இருந்ததைக் காட்டினர்.

நமது நாட்டில், 2500 கிராமுக்குக் குறைந்த நிறையுடன் பிறக்கும் குழந்தைகளின் வீதம் தோட்டத் துறையில் ஏனைய துறைகளிலும் உயர்ந்திருப்பதை 2006-07 ஆம் ஆண்டினதும் 2016 ஆம் ஆண்டினதும் குடித்தொகை, சுகாதார அளவீடுகள் பதிவு செய்துள்ளன. கருப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்குமென 1973 இல் தொடங்கப்பட்ட திரிபோஷாத் திட்டம், இப்பிரச்சினை குருதியினது அன்று, உணவினது என்பதை அரசே ஏற்றுக்கொண்டமைக்குச் சான்று. எனினும், மலைச்சரிவிற் கொழுந்து கூடையைச் சுமந்து நாட்கூலிக்கு நிற்கும் தாயின் உழைப்பும் கூலியும் மாறாதவிடத்து, ஒரு பொதி மாவு குறையை முற்றாக நிரப்பிவிடாது. அத்தகைய தாயின் குழந்தை சிறுத்துப் பிறப்பதைக் கண்டு 'அவர்களின் பிறவி அப்படி' என்று கூறும் குரலை நாம் கல்விமான்களிடமும் கேட்டிருக்கிறோம்.

அக்குரலுக்கு அளிக்க வேண்டிய விடை செம்மறிப் பட்டியிலேயே கிடைக்கிறது. பண்ணையாளன் தன் இலாபத்தின் பொருட்டு, சினையாட்டின் முதுகிற் கைவைத்துப் பார்த்து, மெலிந்ததைப் பிரித்தெடுத்துத் தீனி கூட்டுகிறான். குட்டி நலிந்து பிறந்தால் தன் கணக்கிற் பிழை நேர்ந்தது என்று கொள்கிறானேயன்றி, குட்டியின் மீது பழி சுமத்துவதில்லை. விலங்குக்கு அளிக்கப்படும் இந்த எளிய காரண நியாயத்தை மனிதத் தாய்மாருக்கும், இலாபக் கணக்கை ஒதுக்கிவைத்து, அளிக்கும் சமுதாயத்தையே நாம் வேண்டி நிற்கிறோம்.